தலை எண்ணும் நாளுக்குப் பிறகு

கழிப்பறை நாறுகிறதா? இது மூன்றாவது கேள்வி. வாசலில் சிரித்த முகத்தோடு வரவேற்றார்களா என்பது முதல் கேள்வி, சுவரில் பிள்ளைகள் வரைந்த படம் இருக்கிறதா என்பது இரண்டாவது. இப்படியே நாற்பது கேள்விகள். கிழக்கு டெட்ராய்ட் பெற்றோர் சங்கம் வருஷா வருஷம் ஒரு பள்ளிக் கையேடு போடுகிறது. அதற்காக அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருவர் ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போய், சுற்றிப் பார்த்து, நாற்பதுக்கும் விடை எழுதி, கடைசியில் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட்டுக் கொடுக்கவேண்டும். ஏழாம் மைல் சாலைப் பக்கம் பாதிக் குடும்பங்கள் அதைப் பார்த்துத்தான் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்கின்றன. பழைய கார் வாங்குகிறவன்கூட மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பான். பிள்ளை விஷயத்தில் ஒரு பக்கம் வாசித்தால் போதுமாம்.

லாம்ப்லைட் பள்ளிக்கான அந்த ஒரு பக்கத்தை எழுதுகிறவள் வெர்னெட்டா டிப்ஸ். வயது நாற்பத்திரண்டு. ஏழாம் மைல் சாலையில் இரண்டு நாற்காலி போட்டுத் தலை பின்னும் கடை வைத்திருக்கிறாள். போன மார்ச்சில் லாம்ப்லைட்டுக்கு அவள் ஐந்து நட்சத்திரம் போட்டாள். கையேடு அச்சாகி வந்ததும் இருபது பிரதிகளை வாங்கித் தன் கடைக் கண்ணாடிக்குக் கீழே அடுக்கியும் வைத்தாள். இந்த மார்ச்சில் மறுபடி வந்திருக்கிறாள். நடு ஹாலில் பனிச் சேறு ஒட்டிய பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு, கையில் அட்டையும் பேனாவுமாக, "சிரித்த முகம்: ஆம்" என்று எழுதிக்கொண்டாள். சிரிப்புக்கா குறைச்சல்? வாசலில் நின்ற பெண்ணுக்குத் தாடை சுளுக்கிக்கொள்ளாததுதான் ஆச்சரியம்.

கூடவே லூடி வந்திருந்தாள். லூடி பன்னிரண்டு வருஷமாக வெர்னெட்டாவிடம்தான் தலை பின்னிக்கொள்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரம் ஒருத்தி கையில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் இருவருக்கும் நடுவில் ரகசியம் ஏது? அப்படித்தான் லூடி நம்பிக்கொண்டிருந்தாள்.

லூடியின் மகன் ஜாரெலுக்கு இந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்பு இடத்துக்கான சீட்டுக் குலுக்கலில் பெயர் வந்திருந்தது. இன்று சுற்றிப் பார்த்து முடிந்ததும், அங்கேயே கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போட்டால், அவன் இப்போது படிக்கிற பள்ளியில் அவனுக்காக வைத்திருக்கிற ஆறாம் வகுப்பு இடம் போய்விடும். அது மழைக்கு ஒழுகுகிற பழைய பள்ளி. ஆனால் காலையில் ஜாரெல் அங்கே சிரித்துக்கொண்டே போகிறான். யோசிக்கும்போது எழுந்து நடப்பான், சட்டைக் காலரைக் கடிப்பான். அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா இதெல்லாம் எனக்கு எங்க தெரியப்போவுது," என்றாள் லூடி. "உங்க பக்கத்தை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன். அஞ்சு நட்சத்திரம்!"

"வாய மூடிட்டு வா," என்றாள் வெர்னெட்டா. செல்லமாகச் சொன்னது போலத்தான் கேட்டது.

லூடியிடம்கூட வெர்னெட்டா சொல்லாமல் மறைத்தது ஒன்று உண்டு. ஒன்றரை வருஷக் கதை. வெர்னெட்டாவின் மகள் கியோனா இதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள். ஆறே வாரம். படிக்கும்போது அவளுக்கு ம்ம்ம் என்று முனகும் பழக்கம். கணக்குப் போட்டால் முனகுவாள், கதை வாசித்தால் முனகுவாள். அது பாட்டா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. லாம்ப்லைட்டில் அதற்கு ஒரு கரும்புள்ளி. ஐந்து வாரத்தில் நாற்பத்தொரு கரும்புள்ளி சேர்த்துவிட்டாள். ஆனாலும் அக்டோபர் முதல் புதன்கிழமை வரைக்கும் யாரும் மூச்சு விடவில்லை. அது தலை எண்ணும் நாள். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தலைகளுக்குத்தான் அரசாங்கம் வருஷம் முழுவதற்கும் பள்ளிக்குப் படியளக்கும். அதனால் அன்றைக்கு எல்லோருக்கும் பீட்சா, ஐஸ்கிரீம், குலுக்கல் பரிசு. குலுக்கலில் கியோனாவுக்கு ஊதா நிறச் சைக்கிள் விழுந்தது. வீடே கொண்டாடியது.

ஒன்பதாவது நாள் கூப்பிட்டார்கள். "இது உங்க பொண்ணுக்குப் பொருத்தமான இடமான்னு யோசிக்கிறோம்" என்று தேன் ஒழுகப் பேசினார்கள். ஒரு தாளை நகர்த்தினார்கள். தானாக விலகிக்கொள்கிறேன் என்று தலைப்பு. காரணம் என்று கீழே மூன்றே மூன்று கட்டம்: தூரம், குடும்பச் சூழ்நிலை, வீடு மாற்றம். நீங்கள் துரத்தினீர்கள் என்பதற்குக் கட்டம் எங்கே? வெர்னெட்டா "தூரம்" என்பதில் டிக் போட்டாள். அன்று முதல் ஊர் முழுக்க அதையே சொன்னாள். இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கு, பாவம் பிள்ளை, தூரம். பள்ளி நல்ல பள்ளி, கோளாறு தன் பிள்ளையிடம்தான் என்று மனதுக்குள் அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். அந்த வெட்கத்தில்தான் ஐந்து நட்சத்திரம். குறைத்துப் போட்டால் ஏன் என்று கேட்பார்களே! நாற்பதாவது கேள்வி இப்படி இருக்கும்: உங்கள் சொந்தப் பிள்ளையை இந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்களா? அதற்கும் கூசாமல் "ஆம்" என்று எழுதினாள்.

கியோனா இப்போது வேறு பள்ளியில் ஏழாம் வகுப்பு. முனகுவதை நிறுத்திவிட்டாள். வளர்ந்துவிட்டாள் என்று வெர்னெட்டா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"குடும்பங்களே, வாங்க வாங்க!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தார் ஹால்வர்சன். முப்பத்தொரு வயது, கையில்லாத கம்பளிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. தலைமையாசிரியர் என்று சொன்னால் முகம் சுளிப்பார். தலைமை நிர்வாகி. "இங்க மாணவர்ங்கிற வார்த்தையே கிடையாது. ஒவ்வொருத்தரும் இளம் அறிஞர். பன்னெண்டாவது முடிச்ச எங்க முதல் அணியில நூத்துக்கு நூறு பேருக்குக் கல்லூரியில இடம். இந்த எட்டு வருஷத்துல ஒரு இளம் அறிஞரைக்கூட நாங்க வெளியேத்தினது கிடையாது!"

கூட்டத்தில் எட்டுக் குடும்பங்கள். தபால் அலுவலக உடுப்பில் வந்திருந்த ஒரு தகப்பன் கேட்டான். "சார் எத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கீங்க?"

"ரெண்டு. ஆனா ரொம்பத் தீவிரமான ரெண்டு வருஷம்."

அடேங்கப்பா. வெர்னெட்டா இருபத்து நான்கு வருஷமாகத் தலை பின்னுகிறாள். பின்னல் பற்றி ஒருவருக்கும் இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொற்பொழிவு செய்ததில்லை.

தாழ்வாரத்தின் தரையில் நீளமாகக் கறுப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த நாடா மேலேயே நடந்து போனார்கள். நாற்பது பிள்ளைகள் நடக்கிற இடத்தில் ஷூ தேய்கிற சத்தம் மட்டும்தான். ஒரு சிறுமிக்குத் தும்மல் வந்தது. தும்மிவிட்டு மூக்கைத் துடைக்கக்கூட இல்லை, முதலில் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். ஹால்வர்சனுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாருங்க, எப்பேர்ப்பட்ட ஒழுக்கம்!"

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே அக்கா," என்று லூடி காதைக் கடித்தாள். அவள் குரலில் பாதி பிரமிப்பு, பாதி பயம். "நம்ம ஜாரெல் இதுல நடந்துடுவானா?"

வெர்னெட்டா அட்டையில் தாளைப் புரட்டினாள். போன வருஷம் இந்த நாடாவைப் பார்த்து "ஒழுங்கு: மிக நன்று" என்று எழுதியவள் அவள்தான்.

ஆறாம் வகுப்பு அறைகளுக்கு வெளியே ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. செப்டம்பரில் எடுத்த படம். வகுப்பு முழுவதும், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், நாலு வரிசை. மற்றவர்கள் படத்தில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வெர்னெட்டா எதைப் பார்த்தாலும் தலையைத்தான் முதலில் பார்ப்பாள். கண் தானாக வகிட்டுக்குப் போய்விடும்.

அவள் கைவேலை தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பள்ளி திறப்பதற்கு முந்தின ஆகஸ்டில் கடையில் நிற்க இடமிருக்காது. அம்மாக்கள் வரிசையில் காத்திருப்பார்கள். மின்னல் மாதிரி வளைந்த வகிடு, அது அவள் போட்டது. நுனியில் வெள்ளை மணி கோத்த பொடிப் பின்னல், அதுவும் அவள் போட்டது. இடது காதுக்கு மேலே இதய வடிவத்தில் வகிடு, அது கடைக்கு வழக்கமாக வருகிற கார்லிஸின் மகள் ஜெனீவா. படம் எடுக்கிற நாளுக்கு வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கியது. வேறு யாருக்கும் போடமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்த வகிடு. எண்ணிப் பார்த்தாள். மொத்தம் பதினோரு தலை.

அத்தனை பேரின் அம்மாக்களும் கடைக் கண்ணாடிக்குக் கீழே அடுக்கியிருந்த கையேட்டைப் புரட்டி, "ஏன் வெர்னெட்டா, நீ எழுதினதுதானே இது, சேத்துடலாமா?" என்று கேட்டவர்கள்.

அவள் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்து வகுப்பு. இரண்டிலும் சேர்த்து முப்பத்தொன்பது பேர். அவள் கைபட்ட தலைகள் நாலு. திரும்ப எண்ணினாள். நாலுதான். இதய வகிட்டுப் பிள்ளை இல்லை. மின்னல் வகிட்டுப் பிள்ளையும் இல்லை.

அவளுக்குத் தெரியாத விஷயமில்லை இது. அங்கேதான் அவமானம். அந்த ஏழு அம்மாக்களும் அக்டோபருக்குப் பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான். ஒவ்வொருத்தியும் வேறு வேறு நாளில், போகிற போக்கில் சொன்னவள்தான். ஒருத்தி, அவ அப்பாவுக்குப் பிள்ளை கிட்டக்கயே இருக்கணுமாம், குடும்பச் சூழ்நிலை என்றாள். இன்னொருத்தி, நாங்க வீடு மாறிட்டோம் என்றாள். மாறியவளுக்கு அதே பழைய விலாசத்தில்தான் இன்றும் தபால் வருகிறது. இன்னும் ஒருத்தி தூரம். அப்புறம் இன்னொருத்தியும் தூரம். தனித்தனியாகக் கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்தப் படத்துக்கு முன்னால் நின்று ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். தூரம், குடும்பச் சூழ்நிலை, வீடு மாற்றம். மூன்றே கட்டம். அந்தத் தாளில் அச்சடித்திருந்ததைத்தான் ஏழு பேரும் அவளிடம் வரி பிசகாமல் ஒப்பித்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை ஒன்றுதான் உதவாக்கரை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

அதிலும் கார்லிஸ். நவம்பரில் ஒரு நாள் தலையைக் குனிந்து உட்கார்ந்தபடியே அவள் ஆரம்பித்தாள். "அது வந்து வெர்னெட்டா, ஜெனீவாவை அங்க என்ன பண்ணினாங்கன்னா..." என்று இழுத்தாள். என்ன வரப்போகிறது என்று வெர்னெட்டாவுக்குத் தெரிந்தது. கேட்டால் தன் கதையையும் சொல்லவேண்டி வரும். சீப்பை வேகமாக ஓட்டிக்கொண்டே, "தூரமா இருந்திருக்கும், இல்ல? எங்களுக்கும் அதே தொல்லைதான்," என்று முந்திக்கொண்டாள். கார்லிஸ் மடியில் விழுந்திருந்த முடியைத் தட்டினாள். அப்புறம், "ஆமா. தூரம்தான்," என்றாள். கார்லிஸ் வீடு பள்ளிக்குப் பின்தெருவில் இருக்கிறது! பள்ளிக்கூட மணி அடித்தால் அவள் அடுப்படியில் கேட்கும். அப்பேர்ப்பட்டவளைத் தூரம் என்று சொல்லவைத்த புண்ணியவதி வெர்னெட்டா.

"அக்கா, என்ன பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எல்லாரும் போயிட்டாங்க பாருங்க," என்று லூடி கையைப் பிடித்து இழுத்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் காப்பி, டோனட், ஒரு நீள மேசை. மேசைமேல் சேர்க்கைத் தாள்கள், நீலப் பேனாக்கள். கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு லாம்ப்லைட் என்று எழுதிய பனியன் இலவசம். மேலே சுவர் முழுக்க நூறு சதவீதம் என்று பதாகை. யாரோ கையெழுத்துப் போட்டார்கள். உடனே அங்கிருந்த ஆசிரியர்கள் எல்லோரும் விரலைச் சொடுக்கினார்கள். இங்கே கைதட்டக்கூடாது. சத்தம் வந்துவிடுமாம்.

லூடி பேனாவை எடுத்துவிட்டாள். ஜாரெலின் பெயரை எழுதினாள். பிறந்த தேதி எழுதினாள். கையெழுத்து இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"அக்கா, போட்டுடவா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

வெர்னெட்டா ஹால்வர்சன் பக்கம் திரும்பினாள். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சுற்றி வளைத்தாள்.

"கையேட்டுக்காகக் கேக்கறேன். அந்த நூறு சதவீதம் எத்தனை பேருங்க?"

"பத்தொம்பது இளம் அறிஞர்கள், மிஸ் டிப்ஸ்."

"ஆறாவதுல சேரும்போது அவங்க எத்தனை பேரு?"

"அது... சுமார் தொண்ணூறு."

"மிச்சம் எழுபத்தொண்ணு?"

"குடும்பங்கள் இடம் மாறுது. டெட்ராய்ட்ல இதெல்லாம் சகஜம், உங்களுக்குத் தெரியாததா?"

டெட்ராய்ட்டைப் பற்றி இவனா அவளுக்குப் பாடம் எடுப்பது? ஊருக்கு வந்து நாலு குளிர்காலம் ஆகவில்லை. வெர்னெட்டாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"வெளிய ஆறாம் வகுப்புப் படம் மாட்டியிருக்கீங்களே, அதுல பதினோரு தலை நான் பின்னினது. உள்ள நாலுதான் இருக்கு. மத்த ஏழு எங்க போச்சு? ஒருத்தி பேரு ஜெனீவா. காதுக்கு மேல இதயம் மாதிரி வகிடு. நான் போட்டது. எங்க அவ?"

"மத்த பிள்ளைங்களைப் பத்தி நான் பேச முடியாது. அது அவங்க அந்தரங்கம்." ஹால்வர்சன் சிரிப்பைக் கலைக்காமல் ஓரடி நெருங்கி வந்தார். குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு விஷயமும் அப்படித்தானே, மிஸ் டிப்ஸ்? தூரம்னு நீங்களே எழுதிக் குடுத்தது எங்ககிட்ட இருக்கு. இத்தனை பேர் முன்னால அதெல்லாம் வேணாமே. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

என்ன கரிசனம்! ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்து, கதவையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இப்போது சிரித்துவிட்டு, "சரி, பொதுவா நல்ல பள்ளிதான்" என்றால் போதும். ஒருவருக்கும் தெரியாது. லூடி கையெழுத்துப் போடுவாள். ஜாரெல் செப்டம்பரில் நாடா மேலே நடப்பான், காலரைக் கடித்ததற்குக் கரும்புள்ளி வாங்குவான். தலை எண்ணும் நாளன்று பீட்சா சாப்பிடுவான். அப்புறம் லூடி அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தூரம் அக்கா என்பாள்.

"தூரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" வெர்னெட்டாவின் குரல் கூடத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. "என் பொண்ணு கியோனாவைத் துரத்திவிட்டாங்க. படிக்கும்போது ம்ம்ம்னு முனகுறாளாம், அதுக்கு. தலை எண்ணுற வரைக்கும் கொஞ்சினாங்க, சைக்கிள் குடுத்தாங்க. எண்ணி ஒம்பதாம் நாள் பொருத்தமில்லன்னாங்க. வெளியேத்தினதே கிடையாதாம்! எப்படி இருக்கும்? எங்க கையாலேயே எழுதி வாங்கிக்கிறீங்களே! மூணு கட்டம் போட்ட தாள் வச்சிருக்கீங்களே, எடுத்து இந்த மேசையில போடுங்களேன் பாப்போம். சேர்ற தாளுக்குப் பக்கத்துலயே வைங்க. பெத்தவங்க ரெண்டையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடட்டும்!"

யாரும் விரலைச் சொடுக்கவில்லை.

ஹால்வர்சன் ஏதோ "உணர்ச்சிவசப்படுறது இயல்புதான்" என்று ஆரம்பித்தார். தபால்காரத் தகப்பன் டோனட்டை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். இன்னொரு அம்மாவும் பின்னால் போனாள். மற்றவர்கள் போகவில்லை. மூன்று பேர் அதற்குப் பிறகும் கையெழுத்துப் போட்டார்கள், பனியன் அளவு சரியாக இருக்கிறதா என்று தோளில் வைத்துப் பார்த்தார்கள். என் பிள்ளை அப்படியெல்லாம் செய்யமாட்டான் என்ற நினைப்புதான். அந்த நினைப்பு வெர்னெட்டாவுக்கு நன்றாகத் தெரியும்.

லூடி ஜாரெல் பெயர் எழுதிய தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். பேனாவை மேசையில் வைத்தாள். வெர்னெட்டாவைப் பார்க்காமலேயே வெளியே நடந்தாள்.

இருவரும் வெர்னெட்டாவின் வண்டியில்தான் வந்திருந்தார்கள். லூடி தனியாகப் போவதானால் சேற்றில் நடந்து பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். அவள் வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கதவு திறந்ததும் ஏறி உட்கார்ந்தாள். மூச்சு புகையாக வந்தது.

"லூடி..."

"ஒன்றரை வருஷம்," என்றாள் லூடி. அக்கா என்ற அழைப்பும் போய்விட்டது, நீங்க என்ற மரியாதையும் போய்விட்டது. "ஒன்றரை வருஷமா என் தலைல கைய வச்சுக்கிட்டே பொய் சொல்லியிருக்க. பஸ் மாறணும், பிள்ளை களைச்சுப் போறா, அப்படி இப்படின்னு. நானும் உச் கொட்டிக்கிட்டுக் கேட்டேன். உன் பொண்ண ஏண்டி மறைச்ச? அவ என்ன திருடினாளா?"

"அவமானமா இருந்துச்சு."

"யாருக்கு? உனக்கா, அவளுக்கா?"

வெர்னெட்டா லூடியை விட்டு முன்னால் பார்த்தாள்.  முன் கண்ணாடியில், பனிக்காகச் சாலையில் தூவும் உப்பின் கறை படிந்திருந்தது.

"எழுதின, சரி. பொய்யா எழுதின, சரி. அச்சடிச்சுக் கடையில வேற அடுக்கி வச்ச பாரு. அதுக்கு என்ன சொல்ற?" லூடி குரல் உடைந்து போயிருந்தது. "நான் அந்தப் பக்கத்தை ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கேன் வெர்னெட்டா. தினம் பால் எடுக்கும்போது பாக்கறேன். என் பையன உள்ள தள்ளப் பாத்தியேடி."

"தப்புதான்."

"தப்புதானாம். பெரிசா கண்டுபிடிச்சிட்டா." லூடி விரலை நீட்டிக் காட்டினாள். "அந்த அட்டைய எடு. நாப்பதாவது என்ன கேள்வி? உன் சொந்தப் பிள்ளையை அனுப்புவியான்னுதானே? போன தடவை என்ன எழுதின?"

"ஆமான்னு எழுதினேன்."

"இப்ப எழுது. என் கண்ணு முன்னால எழுது."

குளிரில் பேனா எழுத மறுத்தது. வெர்னெட்டா அதை உள்ளங்கையில் உருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கினாள். மற்ற முப்பத்தொன்பது கேள்விகளையும் புரட்டித் தள்ளிவிட்டுக் கடைசிக்குப் போனாள். உங்கள் சொந்தப் பிள்ளையை இந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்களா? அதன் கீழே எழுதினாள்: "அனுப்பினேன். தலை எண்ணும் நாள் முடிந்து ஒன்பதாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பெயர் கியோனா டிப்ஸ். அவளிடம் ஒரு குறையும் இல்லை. போன வருஷம் இந்தப் பக்கத்தில் நான் எழுதியது பொய்."

பெயர் போடவேண்டியதில்லை என்று தாளில் அச்சடித்திருந்தது. அவள் பெயர் போட்டாள். நட்சத்திரம் போடுகிற இடத்தைக் குறுக்கே அடித்தாள்.

லூடி வாங்கி ஒரு தடவை படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்கிற மாதிரியும் இல்லை.

"இது அச்சாகி வர எத்தனை நாளாகும்?"

"ஜூன் ஆயிடும்."

"ஜூன் வரைக்கும் அந்த ஏழு அம்மாக்களும் தன்னைத்தானே திட்டிக்கிட்டு இருக்கணுமா? கார்லிஸ் அந்த ஜெனீவாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பெல்ட்டால அடிச்சா, தெரியுமா உனக்கு? எங்கிட்ட அழுதா. ஏன் அடிச்சேன்னு கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டா. இப்பதானே புரியுது."

வெர்னெட்டாவுக்கு அது தெரியாது. சீப்பை வேகமாக ஓட்டிக்கொண்டே அவள் கார்லிஸின் வாயை அடைத்த அந்த மதியம் நினைவுக்கு வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லத்தானே வாயைத் திறந்தாள்.

"வண்டிய எடு," என்றாள் லூடி. "முதல்ல கார்லிஸ் வீட்டுக்குப் போ. உன் வாயாலயே சொல்லு. நானும் கூட நிக்கிறேன்."

வெர்னெட்டா சாவியைத் திருப்பினாள். ஹீட்டரை முழுசாகத் திருகி வைத்தாள். குளிர்ந்த காற்றுதான் முகத்தில் அடித்தது. வாசலில் திரும்பி, மூலையில் ஒரு தடவை திரும்பினாள். ஹீட்டரில் சூடு வருவதற்குள் கார்லிஸ் வீடு வந்துவிட்டது.